புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் அன்றாட வாழ்க்கை: கொங்குக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கமிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. என் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முழுவதும் உடனிருந்தவள். அதன் பிறகும் அதே வராந்தாவில் புதிதாக வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிவருகிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சிகிச்சை என்றால் கஷ்டம் இருக்கத்தானே செய்யும்? பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படித்துவிடுங்கள்.

காட்டு வேலையிலும் தறிப் பட்டறையிலும் உடம்பை வருத்திப் பழகியவர்கள் நாம். வலியை வெளியே சொல்வதைக் குறைவாக நினைக்கிறோம். மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்று பதில் வருகிறது. இரவெல்லாம் வாந்தி எடுத்தவரும் அதையேதான் சொல்கிறார். சில நிமிடங்களே கிடைக்கும் அந்தச் சந்திப்பில் மருத்துவருக்கு வேறு எப்படித் தெரியும்? அவர் முன்னால் இருப்பது ரத்தப் பரிசோதனைத் தாள். அதில் வாந்தி தெரியாது, தூக்கமின்மை தெரியாது, பயம் தெரியாது.

வாந்திக்கு ஒரு மாத்திரை பலன் தரவில்லை என்றால் வேறு மாத்திரை உண்டு. வலிக்கு மருந்து உண்டு. கை கால் மரத்துப்போனால் கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைக்கலாம், அடுத்த சைக்கிளை, அதாவது அடுத்த சுற்று மருந்தை, ஒரு வாரம் தள்ளலாம். இதெல்லாம் புற்றுநோய்ப் பிரிவில் அன்றாடம் நடக்கிற காரியங்கள். "சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ" என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில், மறைத்து மறைத்து நிலைமை முற்றிய பிறகுதான் சிகிச்சையையே நிறுத்த வேண்டிவருகிறது.

என் அம்மா நேரில் வாயைத் திறக்கமாட்டார். அதனால் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிவைத்தோம். "நாலாம் நாள், இரவு 2 மணி, வாந்தி மூன்று முறை, தண்ணீரும் தங்கவில்லை." அடுத்த முறை போனபோது அந்தத் தாள்களை மருத்துவரிடம் நீட்டினேன். நின்று நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த சைக்கிளுக்கு ஓலன்சபைன் என்ற மாத்திரையைச் சேர்த்து எழுதினார். அதன் பிறகு வந்த நாலாம் நாள் இரவுகளில் அம்மா தூங்கினார். நீங்களும் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, எத்தனை முறை. அவ்வளவு போதும்.

கீமோ போட்டு வீட்டுக்கு வந்த பிறகு எதற்கு உடனே ஓட வேண்டும்?

காய்ச்சலுக்கு. கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் அதில் அடிபடுகின்றன. பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் அந்த எண்ணிக்கை மிகவும் கீழே இறங்கும். மருத்துவமனையில் "கவுன்ட் குறைந்திருக்கிறது" என்று சொல்வது இதைத்தான். அந்த நாள்களில் சாதாரணக் கிருமிகூடச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர, தொற்றைக் குணப்படுத்தாது. காய்ச்சலே இல்லாமல் உடம்பு நடுங்கினாலும், மூச்சு வாங்கினாலும், நிற்காத வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும், எங்கிருந்தாவது ரத்தம் கசிந்தாலும் அதே அவசரம்தான்.

எங்கே போவது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீமோ போடும் மருத்துவமனை கோவையில் இருக்கும், வீடு அந்தியூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும். இரவில் அவ்வளவு தூரம் போக முடியுமா, அருகில் எந்த மருத்துவமனையில் தொற்றுக்கான முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று முதல் சைக்கிளுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், தாளவாடிக்குப் போகும் திம்பம் பாதையில் 27. மலைமேல் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கவுன்ட் குறையும் அந்த ஒரு வாரமாவது சமவெளியில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள் என்பதுதான். மருத்துவ அறிக்கைக் கோப்பு, காப்பீட்டு அட்டை, ஒரு மாற்றுத் துணி, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸில் வருகிறவர்களிடம் "கீமோ நடக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் போதாதா?

போதாது. வாந்தி தொடங்கிய பின் அதை அடக்குவது கடினம், வராமல் தடுப்பது எளிது. எழுதிக்கொடுத்த மாத்திரைகளை, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், சொன்ன நாள்வரை சொன்ன நேரத்தில் போட வேண்டும். இவற்றில் ஒண்டன்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டெக்ஸாமெத்தசோன் ரத்தச் சர்க்கரை அளவை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த நாள்களில் வீட்டிலேயே அளந்து பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தாளிக்கும் வாசனையே பலருக்குக் குமட்டும். சமைக்கும் நேரத்தில் நோயாளியை வாசல் திண்ணைப் பக்கம் காற்றாட உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டைச் சற்று ஆறவைத்துக் கொடுங்கள். சூடு தணிந்த உணவில் வாசனை குறைவு.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மூன்று வேளை இலை நிறையப் போட்டுச் "சாப்பிடு, சாப்பிடு" என்று எதிரில் உட்காராதீர்கள். அது அன்புதான், ஆனாலும் நோயாளிக்கு அது தண்டனையாகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சின்னக் கிண்ணம் போதும். உடம்பு எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறதோ அந்த நேரத்தில் கூடுதலாகக் கொடுங்கள். பெரும்பாலோருக்கு அது காலை வேளை.

உடைந்த திசுக்களைச் சரிசெய்யப் புரதம் வேண்டும். புற்றுநோய் நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்குத் தேவை என்பது உணவியல் வழிகாட்டுதல். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்து ஆளைத் தேற்ற முடியாது என்பது விளங்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் சமையலில் இதற்கு வழி நிறைய இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பைக் கூட்டிப் போட்டு, மிளகாயைக் குறைத்து, குழைய வேகவைத்து நெய் விட்டுக் கொடுங்கள். என் அம்மாவுக்கு மோசமான நாள்களிலும் இறங்கியது அதுதான். இடியாப்பம் போன்ற சந்தகை மென்மையாக இருப்பதால் விழுங்க எளிது, தேங்காய்ப்பாலோடு கொடுக்கலாம். கொள்ளுப் பருப்பை நன்றாக மசித்துக் கொடுங்கள். கொள்ளு ரசத்தில் தண்ணீர்தான் அதிகம், புரதம் அடியில் நிற்கும் பருப்பில் இருக்கிறது. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நன்கு வெந்த முட்டை, தயிர், ராகிக் கூழில் வறுத்து அரைத்த நிலக்கடலைப் பொடி, எள்ளுருண்டை எல்லாம் நல்லவை. நாட்டுக்கோழிச் சாறும் அப்படித்தான், சாற்றை மட்டும் குடித்துவிட்டுக் கறியை ஒதுக்கினால் பலனில்லை.

கவுன்ட் குறைந்த நாள்களில் அப்போது சமைத்ததை அப்போதே கொடுங்கள். அரை வேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், கடையில் வெட்டி வைத்த பழம், மரத்திலிருந்து இறக்கிய பதநீர் வேண்டாம். பழைய சோறு எவ்வளவு பிடித்தாலும் அந்த வாரத்தில் தள்ளிவையுங்கள். வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோல் உரிக்கிற பழங்களைக் கழுவி உரித்துக் கொடுக்கலாம். இளநீரை வீட்டிலேயே வெட்டி உடனே குடிக்கலாம், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளருமாமே? பாலும் கறியும் விஷமாமே?

கைபேசியில் சுற்றும் செய்திகளில் அதிகத் தீங்கு செய்வது இதுதான். கட்டி மட்டுமல்ல, உடம்பின் மற்றச் செல்களும் குளுக்கோஸை எரிக்கின்றன. நோயாளி சர்க்கரையை விட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை நம்பிச் சோறு, பழம், பால், கறி என்று ஒவ்வொன்றாக நிறுத்தியவர்கள் எடை குறைந்து, கீமோவைத் தாங்கும் தெம்பையே இழக்கிறார்கள். கருப்பட்டி போட்ட ஒரு டம்ளர் பாலைப் பயந்து ஒதுக்காதீர்கள்.

வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா, அதில் பாதி உப்பு. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். புண் வந்த பிறகு தொடங்குவதைவிட முதல் நாளிலிருந்தே செய்வது நல்லது. பல் துலக்கக் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ். வேப்பங்குச்சியும் விரலில் உப்பும் வேண்டாம். எரியும் மவுத்வாஷும் வேண்டாம். பச்சைப்புளி ரசத்தையும் ஊறுகாயையும் புண் ஆறும்வரை மறந்துவிட வேண்டியதுதான்.

நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், தனி மருந்து உண்டு. தண்ணீரே விழுங்க முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

வாயிலோ தொண்டையிலோ கதிர்வீச்சு எடுக்கப்போகிறவர்கள், தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். பிற்பாடு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

கூடவே நாட்டு மருந்து கொடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்காதீர்கள். செடியில் மருந்து இல்லை என்பதால் இதைச் சொல்லவில்லை, இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். நம் வீட்டு வாசல்களிலும் கோயில் வேலியோரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. அதை ஒவ்வொருவரின் உடல் பரப்புக்கும் கணக்கிட்டு மில்லிகிராம் அளவில் ஏற்றுகிறார்கள். இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு இலையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது நச்சு. நரம்பும் குடலும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும்.

குழம்பில் போடும் மஞ்சள் ஒன்றும் செய்யாது, ஈரோட்டு மஞ்சளைத் தாராளமாகச் சமையலில் சேருங்கள். மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள் வேறு. அதுவும், கஷாயங்களும், பெயர் தெரியாத பொடிகளும் கல்லீரலில் கீமோ மருந்து கரையும் வேகத்தை மாற்றிவிடக்கூடும். என்ன சாப்பிட்டாலும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து ஒளிக்காதீர்கள்.

முடி எப்போது கொட்டும், எப்போது வரும்?

எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டும் மருந்தாக இருந்தால் முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் திரும்ப முளைக்கும், முதலில் சுருட்டையாகவோ நிறம் மாறியோ வரலாம்.

தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் காலைப்பொழுது பெண்களை நொறுக்கிவிடுகிறது. "உயிர் முக்கியமா, முடி முக்கியமா" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். கண்ணாடியில் தன் முகமே அந்நியமாகத் தெரிகிற துக்கத்துக்கு அது பதில் இல்லை. கொட்டத் தொடங்கும் முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. கவுன்ட் நன்றாக இருக்கும் நாளில் பழனிக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. நம் ஊரில் மொட்டைத் தலையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. சவரக்கத்தி தோலைக் கீறாமல் இயந்திரத்தால் எடுப்பது பாதுகாப்பு. மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம்.

நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார். எழுப்பலாமா, விடலாமா?

இந்தக் களைப்பு வேலை செய்த அசதி மாதிரி தூங்கினால் தீர்வதில்லை. சோம்பேறித்தனமும் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு போன்ற காரணங்கள் இருக்கின்றனவா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவற்றைச் சரிசெய்தால் பாதி தீரும்.

மீதிக்கு, கேட்க முரணாக இருந்தாலும், நடைதான் மருந்து. இதற்கு ஆய்வு ஆதாரம் வலுவாக உள்ளது. முதலில் வீட்டு வாசலிலிருந்து கிணற்று மேடுவரை, பிறகு வரப்போடு கொஞ்சம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும். மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், காய்ச்சல் இருக்கும் நாளில் வேண்டாம்.

மாட்டைக் கறக்காமல் இருக்க முடியாது, கோழிகளைக் கவனிக்க வேறு ஆள் இல்லை என்பார்கள். கட்டுத்தறி (மாடு கட்டும் இடம்) கூட்டுவதும், சாணம் அள்ளுவதும், கோழிக்கூண்டு சுத்தம் செய்வதும் சிகிச்சை முடியும்வரை வேறொருவர் கைக்கு மாற வேண்டும். கிருமியும் பூஞ்சையும் அங்கேதான் அதிகம். நோயாளி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேலையை மேற்பார்க்கட்டும். தோட்டத்துக் கணக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். தனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதே பலரை எழுப்பி உட்காரவைக்கிறது.

கை கால் மரத்துப்போகிறது. ஊசி குத்துவது போல இருக்கிறது.

பாக்ளிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட சில நாள்களுக்குக் குளிர் ஆகாது. விடிகாலைத் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும், குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைப்பது போல் தோன்றும். வெந்நீரே பழகுங்கள்.

பாதம் மரத்தவர் தோட்டத்துக்குள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நெருஞ்சி முள் ஏறியதுகூடத் தெரியாமல் சீழ் பிடித்த பிறகு பார்த்த பாதங்கள் உண்டு. இரவில் ஒரு முறை உள்ளங்காலை வீட்டில் யாராவது பார்த்துவிடுங்கள். குளிக்கும் தண்ணீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். சட்டை பித்தான் போட முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டிய அறிகுறி அது.

கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டு வந்தவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. அறையை விட்டு வெளியே வந்த அந்த நிமிடமே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு. அதற்குச் சில நாள்கள் தனித்திருக்க வேண்டும், மருத்துவமனையே சொல்லி அனுப்பும்.

கீமோவிலும் கட்டிப்பிடிக்கத் தடையில்லை. மருந்து போட்ட 48 மணி நேரத்துக்கு வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளை மட்டும் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். டாக்ஸோரூபிசின் போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் தொடரும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ கோவைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போவது நோயைவிட அதிகமாக ஆளைச் சாய்க்கும். சிகிச்சை இடத்துக்குப் பக்கத்தில் தங்க இடம் உண்டா என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். தோலில் போட்ட குறிகளைத் தேய்த்து அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள், சந்தனம், பவுடர் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை முடியும்வரை நிறுத்திவையுங்கள்.

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா?

வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழி எடுக்கும் மார்பினுக்கு அடிமையாவது அரிது. முதல் சில நாள் தூக்கக்கலக்கம் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதனால் மலமிளக்கியும் சேர்த்தே தருவார்கள். வலி வந்த பிறகு விழுங்காமல், கடிகாரம் பார்த்து நேரத்துக்கு விழுங்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது இவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையாக இருந்ததால் பல மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வலி நிவாரணத்துக்கான வழியை எளிதாக்கினார்கள். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, பயிற்சி பெற்ற மருத்துவரும் அனுமதி பெற்ற மருத்துவமனையும் வேண்டும். உங்கள் மருத்துவமனையில் இல்லை என்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் திரும்பாதீர்கள். வலியில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

பேலியேட்டிவ் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. அது வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கம், மனக்கவலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பிரிவு. கட்டிக்கான சிகிச்சை நடக்கும்போதே அங்கேயும் போகலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு கூடுதல் நாளும் வாழ்ந்தார்கள். நடுவெண் ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா? ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் அமையுமா?

"அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) சொல்லாதே, தாங்கமாட்டார்" என்று குடும்பமே கூடி மறைக்கும். அவருக்கோ பெரும்பாலும் தெரிந்திருக்கும். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் கேட்டிருப்பார். வீட்டாருக்காக அவரும் தெரியாதது போல் இருப்பார். ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அழுவார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேளுங்கள், அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் பெயரைச் சொல்லலாம். தங்கள் குறும்பால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள், அப்படி இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் தொற்றாது. தனித்தட்டும் தனி டம்ளரும் நோயாளியைச் சிகிச்சையைவிட ஆழமாகக் காயப்படுத்துகின்றன. பரம்பரைப் பிறழ்வால் வருவது சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். சம்பந்தத்துக்குப் பயந்து சிகிச்சையையே தள்ளிப்போடுவதை எந்தக் காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

பார்க்க வரும் ஒறம்பரை (உறவினர்) கூட்டத்தைத் தடுப்பது பாவமில்லை. கவுன்ட் குறைந்த வாரத்தில் "போனில் பேசுங்கள், அடுத்த வாரம் வாருங்கள்" என்று வீட்டில் ஒருவர் பொறுப்பாகச் சொல்லட்டும். காதுகுத்து, கல்யாணம், பண்ணாரி குண்டம் (தீமிதித் திருவிழா) போன்ற கூட்டங்களுக்கும் நாள் பார்க்கும்போது கீமோ நாள்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்கிறார்.

"தைரியமாக இரு" என்று சொல்லி வாயை மூடவைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் ஆர்வமும் போயிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தைத் தோட்டத்து வீட்டிலிருந்து அன்றே அப்புறப்படுத்துங்கள்.

இளம் வயது. குழந்தை பெற முடியுமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. விந்தணு, கருமுட்டை, கரு ஆகியவற்றை உறைய வைத்துப் பாதுகாக்க முடியும், சிகிச்சை தொடங்கிய பின் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. தாம்பத்திய உறவு தடையில்லை, ஆணுறை வேண்டும், கவுன்ட் மிகக் குறைந்த நாள்களில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கூச்சமாக இருந்தால் வார்டு செவிலியரிடம் கேளுங்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தனியார் மருத்துவமனையில் சேரும் முன்பே, அந்தத் திட்டம் அங்கே உங்கள் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். நகையும் பூமியும் அடகுக்குப் போன பிறகு இதைக் கேள்விப்பட்டு வருந்துகிற குடும்பங்கள் அதிகம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, காட்பாடி இறங்கி வேலூருக்கோ ரயிலில் போகிறவர்களுக்குச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழோடு முன்பதிவு செய்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை, உடன் செல்பவருக்கு 75 சதவீதம் குறைவு. அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு எப்படியும் கட்டணம் இல்லை.

உடனிருந்து பார்ப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

பெரும்பாலான வீடுகளில் மருமகளோ மகளோ ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் சுமக்கிறார். பனியன் கம்பெனி வேலைக்கும் போய், இரவில் வாந்திச் சட்டியையும் ஏந்துவார். பங்காளிகள் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று போகிற போக்கில் சொல்வார்கள். அப்போதே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள். "செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நீங்கள் கூடப் போங்கள் மாமா." "குழந்தைகளை இரண்டு நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை." குறிப்பாகக் கேட்டால் நம் மக்கள் மறுப்பதில்லை. உங்கள் சொந்த ரத்த அழுத்த மாத்திரையையும், வாரத்தில் ஒரு முழு இரவுத் தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். நோயாளியின் தாளில் எழுதும்போது, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் காட்டலாம்.